மின்விசிறியில் சாய்ந்திருந்தேன்

வடபழனியில் டயர் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் வாசனை கூடவே ஏறிவரும் படிகளில்
இடக்காலை எப்போதும் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.
கணுக்கால் பிசகி இரண்டு வருடம்.
எலும்பு சரி, தசைநார் சரி என்று
ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டது.
ஆனாலும் இடப்பக்கம் சுழலும்போது
மேடை ஒரு விரற்கடை சரிகிறது.
எனக்கு மட்டும்.

"காலில் ஒன்றுமில்லை" என்றாள் நௌஷின்.
என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.
பேலன்ஸ் பீமில் மாநிலப் பதக்கம் வாங்கி
அதே பீமிலிருந்து விழுந்தவள்.
"மூளையில உங்க கணுக்கால் இருக்கிற இடம்
மங்கிப்போயிருக்கு, பழைய ரேஷன் கார்டுல பேர் மாதிரி.
பேர் தெரியாத ஆளை நம்பி
மொத்த எடையையும் அது எப்படிக் கொடுக்கும்?"

முதல் நாள் ஆடச் சொல்லவில்லை.
குனியச் சொல்லி, விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே அளந்தாள்.
ஓடுகிற எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் முதுகைக்
கணுக்காலில் அரை நிமிடம் வைத்தாள்.
மறுபடி குனிந்தேன்.
நான்கு விரல் கூடுதல்.
ஜாலம் என்றேன்.
"நாளைக்குப் போயிடும். தினமும் செய்யணும்."

கட்டைவிரல் நகத்தில் பேனாவால் ஒரு ழ.
கையை நீட்டி, அதையே பார்த்தபடி
தலையை இடவலமாக ஆட்டவேண்டும்.
எழுத்து கலையக் கூடாது.
வலப்பக்கம் ழ அப்படியே நின்றது.
இடப்பக்கம் திரும்பினால்
மழையில் அகப்பட்ட புழு.

வீட்டுப்பாடத்தைப் பறக்கும் ரயிலில் செய்தேன்.
விரலை நீட்டி வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டுகிறவளைப் பார்த்து
சமோசாக்காரர் சொன்னார்:
"வேணாம்னா ஒருவாட்டி சொன்னா போதும்மா."
எதிர்சீட்டுக் குழந்தையும் ஆட்டத் தொடங்கியது.
அதன் அம்மா வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

ஏழாவது வாரம்
ஒற்றைக்காலில், அதுவும் இடக்காலில்,
கண்ணை மூடி நாற்பது விநாடி நின்றேன்.
மறுநாளும் நின்றேன்.
கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.
பக்கத்துப் பாயில் ஜிம்னாஸ்டிக் பிள்ளைகள்
தொப் தொப்பென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கரண்ட் போனது.
கண் மூடியிருந்தவளுக்கு இருட்டா தெரியும்?
தெரிந்தது ஒன்றுதான்.
வலப்பக்கச் சுவரில் கடகடத்துக்கொண்டிருந்த விசிறி
மெல்ல மெல்ல ஓய்ந்து
நின்றது.
நான் விழுந்தேன்,
கைப்பிடிச் சுவரை யாரோ உருவிக்கொண்டது மாதிரி.

செல்போன் வெளிச்சத்தில் நௌஷின் சிரித்தாள்.
"அப்ப இத்தனை நாளா காதால ஊன்றிக்கிட்டு இருந்தீங்க."

கம்பி எட்டாத பஸ்ஸில்
பக்கத்து ஆளின் பையைப் பிடித்துக்கொண்டு வருகிற
பயணிதான் என் மூளை.
எதையாவது பிடித்துக்கொள்ளும்.
என் காலைத் தவிர.

அன்றிலிருந்து விசிறியை அணைத்துவிட்டு நின்றேன்.
மே மாதம்.
முதுகெலும்பில் வியர்வை இறங்குவதை எண்ணலாம்.
"வியர்வைமேலயும் சாயாதீங்க" என்றாள்.
பதினோரு விநாடி. ஒன்பது. பதினாறு.
ஒரு நாள் வெறும் நான்கு.
சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு மேடு இருப்பதும்
குதிகாலின் வெளியோரம் தரையோடு ஏதோ பேசுவதும்
முப்பத்து நான்கு வயதில் தெரியவந்தது.

ஆகஸ்டில் நிகழ்ச்சி.
இடப்பக்கச் சுழல்கள் மூன்று.
இரண்டு வந்தன.
மூன்றாவதில் மேடை சரிந்தது.
கைதட்டியவர்கள் யாருக்கும் தெரியாது.
கடைசி வரிசையிலிருந்து நௌஷின்
ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் நெருக்கிக் காட்டினாள்:
பாதி.

அடுத்த வாரம் அதே படிகளில் இறங்குகிறேன்.
போனில் ஒருவர் கடன் வேண்டுமா மேடம் என்கிறார்.
வேண்டாமென்று தலையாட்டுகிறேன், அவருக்குத் தெரியவா போகிறது.
கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
பாதிப் படியில்தான் கவனித்தேன்,
இடக்கால் முன்னால் போயிருந்தது,
யாரையும் கேட்காமல்.

கவனித்ததும்
தடுமாறிற்று.