ஒன்பதாம் மாதிரி

சம்மாந்துறையில்
உமி எரித்து மின்சாரம் காய்ச்சும் ஆலையின் பின்புறம்
தகரக் கொட்டில் ஒன்று கேட்டோம், தந்தார்கள்.
கூடவே கால் ஆடும் மேசை,
ஒரு பல்லி,
இரவு ஷிப்ட் அலியார்.

புகைக்கூண்டில் துளையிட்டு
விரல் தடிப்பில் குழாய் இழுத்தோம்.
போகிற புகையில் நூற்றுக்குப் பதினொன்று
காபனீரொட்சைட்டு.
அதை மறிக்க
கண்ணாடிக் குழலுக்குள் ஒரு பிடி வெண்மணி:
உமிச் சாம்பலில் பிரித்த சிலிக்கா,
அதன் துளைகளுக்குள் அமீன்.
மீன் கழுவிய தண்ணீர் போல் மணக்கும்.
"இதென்ன, சவ்வரிசியா?" என்றார் அலியார்.
முதல் எட்டும் சவ்வரிசிதான்.

இல்லை, ஆறாவதைச் சொல்லவேண்டும்.
அது பிடித்ததை விடவே இல்லை.
எவ்வளவு சூடேற்றியும்
கஞ்சன் மடிபோல் இறுக்கிக்கொண்டது.
பிடிக்க மட்டும் என்றால்
சுண்ணாம்பு போதுமே.
விட வேண்டும், திரும்பப் பிடிக்க வேண்டும்,
ஆயிரம் தடவை, அலுக்காமல்.
அப்படி ஒரு பொருளுக்கு
எங்கெங்கோ பெரிய ஆலைகள் காத்திருக்க
நாங்கள் வந்தாறுமூலையில் இருந்து
பஸ் மாறி வருகிறோம்.

ஒன்பதாவது நல்லது.
முதற் சுற்றில் இரண்டு தசம் மூன்று.
பத்தாம் சுற்றிலும் இரண்டு தசம் மூன்று.
ஜதுர்சிகா என் தோளில் அடித்தாள்.
மேசையில் தலை வைத்ததுதான் தெரியும்.

இருபத்திரண்டாம் சுற்றில் கரண்ட் போனது.
மின் நிலையத்துக்குள் இருட்டு!
அலியார் சிரித்த சிரிப்பு
தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது.
கணினி செத்தது, அதோடு
பதினாறு மணித்தியாலக் கணக்கும்.

"அழாதங்க புள்ள, இஞ்ச பாருங்க."
டோர்ச் வெளிச்சத்தில்
உமிச் சாக்கொன்றைப் புரட்டிக் காட்டினார்.
பத்து நிமிடத்துக்கு ஒன்றாய்
மானியின் இலக்கங்கள்,
கரித்துண்டால்.
"நித்திர வராம இரிக்க எழுதின."

நான் வாசிக்க அவள் வரைந்தாள்.
பதினெட்டில் இருந்து
கோடு சரியத் தொடங்கியிருந்தது,
மெல்ல, நாங்கள் உறங்கும் நேரம் பார்த்து.
குழலைத் திறந்தோம்.
மணி எல்லாம் மஞ்சள், அடியில் பழுப்பு.
ஒட்சிசன் தின்றிருந்தது.

விடியப்புறம் உமி லொறிகள் வந்து நின்றன.
சாக்கைக் கேட்டேன்.
"அதுக்குக் கணக்கிரிக்கு" என்றார்.
பிறகு புத்தகத்தைத் திறந்து
ஒன்று குறைத்தார்.

பஸ்ஸில்
மடித்த சாக்கு என் மடியில்,
உடுப்பெல்லாம் கரி.
பத்தாவதுக்கு
அமீனைக் குறைத்துப் பார்ப்போமா என்று கேட்டேன்.
ஜதுர்சிகா தூங்கிவிட்டாள்.