சண்டை இருக்கா?

லா பாஸில் திரையிட்டபோது பதினோரு பேர்.
நான்கு பேர் படத்தில் வேலை செய்தவர்கள்,
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
மற்றவர்கள் கடைசியில் எழுந்து
"முக்கியமான படம்" என்றார்கள்,
மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைப்பதுபோல.

ஒருரோ பேருந்து நிலையத்தில்
ஊதாச் சோளக்கஞ்சி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார் செவெரோ.
உயுனிக்குப் போகும் இரவு வண்டி அவருடையது.
நாற்பத்திரண்டு இருக்கை, இரண்டு டிவி.
பென் டிரைவை விரலில் உருட்டிப் பார்த்துக் கேட்டார்:
"சண்டை இருக்கா?"
ஏரி வற்றிப்போன கதை என்றேன்.
"அது தெரியும். சண்டை இருக்கா?"
இருக்கு என்றேன், வாய் கூசாமல்.

ஒன்பது மணிக்குக் கிளம்பியது.
போர்வைக்குள் குழந்தைகள், கினோவா மூட்டை, ஒரு சேவல்.
விடுப்பு முடிந்து முகாம் திரும்பும் சிப்பாய்
பூட்ஸைக் கழற்றியதும் வண்டி முழுக்க அவன்தான்.
நான் கடைசி வரிசையில், டிக்கெட் எடுத்து.

படம் ஓடியது. சத்தம் வரவில்லை.
உதவியாள் ரெனே டிவியின் கன்னத்தில் இரண்டு அறை விட்டான்.
அப்போதும் வரவில்லை.
எட்டு மாதம் எழுதி எழுதி அடித்த வர்ணனை,
லீமாவிலிருந்து வரவழைத்த அந்தக் கனத்த குரல்,
மழையளவு, உப்பின் விகிதம், ஆண்டுவாரியாக,
எல்லாம் போச்சு.
வெறும் தண்ணீர்.
தண்ணீரின் மேல் பூநாரைகள்.

"கராத்தே போடுப்பா."
"பொறு," என்றது ஒரு பெண்குரல்,
"அது என் சின்னமாமன் படகு."

மூன்றாம் வரிசை. தொப்பியைக்கூடக் கழற்றாமல்
திரையைச் சுட்டிப் பக்கத்து இருக்கைக்குச் சொல்லத் தொடங்கினாள்,
ஐமாராவில். எனக்குப் பாதிதான் புரிந்தது.
காற்றுகளின் பெயர்கள்,
முட்டை பொறுக்கப் போகும் மாதம்.
'உள்ளூர் மீனவர்' என்று நான் எழுத்துப் போட்ட ஆள்
அவள் அக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி வரை.

பிறகு வெடித்த சேறு. கவிழ்ந்த படகுகள்.
"சுரங்கம் குடிச்சிடுச்சு" என்றாள்.
"அந்தச் சுரங்கம்தான் உன் ஊருக்குச் சோறு போட்டது,"
மடியில் ஹெல்மெட் வைத்திருந்தவன் திரும்பினான்,
"மேலே ஆற்றை மறித்து வயலுக்கு விட்டது யாராம்?"
கினோவா மூட்டைக்காரர் நிமிர்ந்தார்.
"மழை பெய்யலைன்னா வானத்தை மறிச்சதும் நானா?"
சிப்பாய் சமாதானம் பேச எழுந்தான், பூட்ஸ் இல்லாமல்.
சேவலும் சேர்ந்துகொண்டது.

செவெரோ கண்ணாடியில் என்னைத் தேடினார்.
ஒரே ஒரு தலையாட்டல்,
சொன்ன சொல் தவறாத வியாபாரிக்கு.

சால்யபாத்தா தாண்டி ரெனே விளக்கணைத்தான்.
வலப்பக்க ஜன்னல்களில் ஒன்றுமில்லை.
ஒரு விளக்கில்லை, மரமில்லை, மேடில்லை,
அவ்வளவு பெரிய ஒன்றுமில்லை
ஏரியாகத்தான் இருந்திருக்க முடியும்.
ஒருவர் பின் ஒருவராய்த் திரையை விட்டு
அந்தப் பக்கம் திரும்பினார்கள்.
யாரோ கண்ணாடியை இரண்டு விரற்கடை நகர்த்தினார்கள்.
உப்புப் புழுதி உள்ளே வந்தது, டிக்கெட் எடுக்காமல்.

என் கடைசி ஆறு நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை.
நல்ல முடிவு அது.
ஒரு விருதுக் குழுவில் ஒருவர் அழுதிருக்கிறார்.

உவாரியில் தொப்பிக்காரி இறங்கினாள்.
படியில் நின்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:
"அந்த வலையில் கராச்சி நிக்காது, நழுவிடும்.
படம் எடுத்தவன் எவனோ, கேட்டிருக்கலாம்."
எடுத்தவள் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.

ரெனே கராத்தே படம் போட்டான்.
அதற்குச் சத்தம் வந்தது.
திரையில் படிந்த வெள்ளையை யாரும் துடைக்கவில்லை.
அதற்குப் பின்னால்
இரண்டு பேர் விடியும்வரை அடித்துக்கொண்டார்கள்.