புதன் ராத்திரி

எழும்பூர் நிலையத்தில் விசாரணைக் கவுண்டர்.
கண்ணாடியில் கை நுழைய ஓர் அரைவட்டம்.
அதன் வழியாகத்தான் எனக்கு ஊர் தெரியும்:
விரல்கள், வளையல்கள், வியர்வையில் நனைந்த டிக்கெட்டுகள்,
ஒரேயொரு முறை ஒரு குழந்தையின் முழு முகம்.

பத்து மணிக்கு ஒரு கையெழுத்து,
ஆறு மணிக்கு இன்னொன்று.
இரண்டுக்கும் தேதி வேறு, சம்பளம் ஒன்று.
நடுவில் எங்கோ
சிவப்பு எழுத்துப் பலகையில்
நான்கு சைபர்கள் வரிசையாக வந்து நிற்கும்.
ஒரு நிமிடம்தான்.
யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
டீத் தூக்கோடு போகிறவன் போய்க்கொண்டிருப்பான்,
பெருச்சாளி தண்டவாளம் தாண்டிக்கொண்டிருக்கும்.
கோழி கூவாது,
வானத்தில் இம்மி வெளுப்பு இருக்காது.
இருட்டின் நட்டநடுவில்
யாரோ கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு அரைவட்டத்தில் வந்தது
நகக்கண் வரை பெயிண்ட் ஏறிய கை.
இசக்கிமுத்து, நாற்பத்தாறு, மேல் படுக்கை, உறுதியானது.
புதன்கிழமை, 00.05.
மணி அப்போது பதினொன்றே முக்கால்.
எந்த பிளாட்பாரம் என்று மட்டும் கேட்டார்.

இந்த நாற்காலியில் நான் அதிகம் சொன்ன வாக்கியம்
வண்டி லேட் என்பதல்ல.
நேற்றே போய்விட்டது என்பது.
அதையே சொன்னேன்.

"நேத்து செவ்வாய்க்கிழமைங்க."
ஆமாம்.
"டிக்கெட்டுல புதன்னு போட்டிருக்கு."
ஆமாம்.
"இன்னைக்குப் புதன்."
இன்னும் கால் மணி நேரத்துக்கு.

அவர் கத்தவில்லை. கூலிக் கணக்குப் பார்ப்பதுபோல
விரல் மடக்கினார்.
பல்லாவரத்தில் சுவருக்குப் பட்டி பார்த்தது புதன்.
கையில் காசு வந்தது புதன்.
மகளுக்குத் தி.நகரில் குடை வாங்கியதும் புதன்தான்.
"புதன்கிழமைச் சோறு இன்னும் வயித்துல கெடக்கும்மா,
அதுக்குள்ள எங்கருந்து வியாழன்?"

ரயில்வேக்கு வயிறு கிடையாது.
அது தூங்குவதில்லை, அதனால் எழுவதுமில்லை.
ஒரு நாள் முடிய அதற்கு ஒரு நொடி போதும்.
நமக்கோ விளக்கணைக்க வேண்டும்,
தாழ்ப்பாளை இரண்டாம் முறை தொட்டுப் பார்க்க வேண்டும்,
யாரையாவது நினைத்துப் புரள வேண்டும்,
பிறகு பால் பாக்கெட் கதவில் மோதி
நாளை வந்துவிட்டதென்று சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
விதியைச் சொன்னேன். பணம் திரும்பாது என்றேன்.
அந்த வண்டி வாரத்துக்கு ஒன்று என்றேன்.
காலை வண்டியின் நேரத்தைத் தாளில் எழுதி,
தேதி போட்டு, கிழமை போட்டு,
பக்கத்தில் 'விடிஞ்ச பிறகு' என்றும் போட்டுக் கொடுத்தேன்.

என் அக்கா ஹெலன் போனது பன்னிரண்டு இருபதுக்கு,
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
சான்றிதழில் வெள்ளி.
எங்கள் வீட்டில் வியாழன்.
வியாழன் சாயங்காலம் அவள் கொய்யாப்பழம் கேட்டாள்,
மிளகாய்த்தூள் மறந்துடாதடி என்றாள்.
வெள்ளியில் அவளுக்கு இருபது நிமிடம் இருந்தது.
அதில் எதுவும் கேட்கவில்லை.
பூசைக்கு எழுதிக் கொடுக்கப் போனால்
எந்தத் தேதி என்பார் கோயில்பிள்ளை.
ஊருக்கெல்லாம் நேரம் சொல்லும் நான்
வருடா வருடம் அங்கே விழிப்பேன்.

சைபர்கள் வந்தன. கலைந்தன.
இசக்கிமுத்து டிக்கெட்டில் இருந்த பிளாட்பாரம் தேடிப்போய்
00.05 வரை நின்றுவிட்டு வந்தார்,
எனக்குப் பொய் சொல்லத் தெரியுமா என்று
ஒருதரம் பார்த்துவிடுகிறவர்போல.
பிறகு தூணடியில் புதன்கிழமைப் பேப்பரை விரித்தார்.
குடையைத் தலைமாட்டில் வைத்தார்,
எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றேகாலுக்கு மறுபடி அந்தக் கை.
"இப்ப என்ன கிழமைம்மா?"

பதிவேட்டில் வியாழன் என்று எழுதி
அடிக்கோடும் இழுத்திருந்தேன்.

"படுங்கண்ணே" என்றேன்.
"இன்னும் விடியல."