மூடித் துளை

பதினாறாயிரத்துக்குக் கொடுத்தார் அழகுசுந்தரம்.
‘டாக்டர் ஓட்டின வண்டி’ என்றார்.
என்ன டாக்டர் என்று நான் கேட்கவில்லை.

காரைக்குடியில் ஏறினால்
கண்டனூர் வருமுன் இருமும்,
இழுக்கும்,
லாரிக்காரன் பார்க்க நிற்கும்.

சேவுகன் பிளக்கை மாற்றினான்.
கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான்.
பேட்டரிமேல் பழி போட்டான், அதற்குத் தொள்ளாயிரம்.
கடைசியில்,
‘அக்கா, வண்டிக்கு உங்க ராசி ஒத்துக்கல.’

புதுவயல் ரைஸ்மில்லில்
எடைச்சீட்டு எழுதுகிறவள் நான்.
கணக்கு உதைத்தால் ராசியைக் கேட்பதில்லை.
பழைய சீட்டின் பின்பக்கம் குறித்தேன்:
செவ்வாய், நாலு கிலோமீட்டர், நின்றது.
புதன், நாலு.
வியாழன், நாலரை. பெட்ரோல் இருக்கிறதா என்று
மூடியைத் திறந்து பார்த்தேன், ஓடியது.
வெள்ளி, திறக்கவில்லை.
கால் மணி நேரம் உதைத்தேன். கால்தான் வலித்தது.

சனிக்கிழமை வெயிலில்
இருக்கையைத் தூக்கி, காதை வைத்துக்கொண்டு
மூடியை மெல்லத் திருகினேன்.
ஸ்ஸ்.
வெளியே விட்ட மூச்சில்லை அது,
உள்ளே இழுத்தது.

மூடியில் ஒரு துளை இருக்கவேண்டும்.
இருந்தது,
எத்தனை ஆயுத பூஜைக்கு அப்பியதோ, சந்தனம்
கல்லாய் இறுகி அடைத்துக்கொண்டு.
சேலை ஊக்கைக் கழற்றிக் குத்தினேன்.
பெட்ரோல் வாடையிலும்
கொஞ்சம் மணந்தது.

இரண்டு வாரமாக நிற்கவில்லை.
‘அதத்தான் நானும் நெனச்சேன்’ என்கிறான் சேவுகன்.

நேற்றுக் கண்டனூர் ரயில்வே கேட்டில் நின்றது.
ஊக்கை எடுத்தேன், குத்தினேன்,
காது வைத்துக் கேட்டேன்,
பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க.

பெட்ரோல் தீர்ந்திருந்தது.