தலைக்கல்

காலை ஏழரைக்கே ரம்பத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவேன்.
ஒரு முழுச் செங்கல், இரண்டு தலை.
நேற்று நானூற்றுப் பத்துத் தலை.
மார்ச் மாதத்து ஹல் நகரம்,
சட்டைப்பை வரைக்கும் சிவப்புச் சேறு.

நகராட்சி எழுதியிருக்கிறது:
புதுவீட்டு முகப்பு பக்கத்து வீட்டோடு ஒத்துப்போக வேண்டும்.
பக்கத்து வீட்டுக்கு வயது நூற்றெண்பது.
அதன் ஒவ்வொரு வரியிலும்
ஒரு கல் நீளமாய்ப் படுத்திருக்கும்,
அடுத்தது தலையை மட்டும் நீட்டும்.
தலை தெரிந்தால் உடம்பு உள்ளே போகிறது,
முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துப் பிடிக்கிறது
என்று அர்த்தம்.

எங்கள் சுவருக்கு நடுவே வெற்றிடம்.
வெளித்தோலில் ஊறும் மழை
அடியில் விட்ட துளைவழியே இறங்கிப் போகும்.
உட்சுவரை எட்டிப் பிடிப்பது துருப்பிடிக்காத கம்பி,
முக்கால் முழம் தள்ளி ஒன்று, கண்ணுக்குப் படாமல்.
குறுக்கே கல் போனால்
ஈரமும் அதன் முதுகிலேறி வீட்டுக்குள் வந்துவிடும்.
ஆகவே என் தலைகள்
துக்கவீட்டில் தலைகாட்டிவிட்டு
அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்.

"பொய்" என்பார் கொத்தனார் டெரன்ஸ் ஹெபிள்வைட்,
ஒவ்வொன்றையும் சாந்தில் அழுத்தும்போது.
கரணைக் காம்பால் பக்கத்து வீட்டைத் தட்டி,
"சுவர்னா இது."

செவ்வாய்க்கிழமை அது வயிறு தள்ளியது.

முட்டுக் கொடுத்து மேலிருந்து பிரித்தோம்.
சுண்ணாம்புச் சாந்து கேட்டதும் விட்டது,
ஒரு கல்லுக்கும் கீறல் இல்லை.
முதல் தலையைப் பிடித்து இழுத்தேன்,
பலம் போட்டு.
அது சும்மா வந்தது. நான் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

கையில் அரைக்கல்.
உளியால் உடைத்த பின்பக்கம், கரடுமுரடு.
அடுத்ததும் அரை. அதற்கடுத்ததும்.
பத்துக்கு ஒன்றுதான் உடம்போடு இருந்தது.
உள்ளே வேகாத கல், உடைசல், ஒரு சிப்பி ஓடு.
முகப்புக் கல் விலை கூடுதல் என்று
ஒன்றை இரண்டாக்கிப் பரப்பியிருக்கிறான் எவனோ.

டெரன்ஸ் அவனுடைய அரையை
என்னுடைய அரைக்குப் பக்கத்தில் வைத்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"ரம்பம் இல்லாமப் பண்ணியிருக்கான்" என்றார்.
தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இப்போது பழைய சுவருக்கு முழுக்கல் போகிறது,
சுண்ணாம்பில்தான், தலையும் உடம்புமாக.
சிமெண்ட் வைத்தால் கல்லின் முகம் உரிந்துவிடும்.
ராத்திரி உறைபனி என்றார்கள்;
ஈரச் சாக்கு போர்த்திவிட்டு வந்தோம்.

பிரித்ததில் நூற்று முப்பது தலை மிச்சம்.
எங்கள் சுவருக்கு அளவு சரியாக இருக்கிறது.
நாளைக்கு அவ்வளவு குறைவாக
வெட்டினால் போதும்.