ஜே. என்ட்விசில்

பெயரிலேயே விசில் இருக்கிறது.
ஆனால் அவன் ஆடிய காலத்தில்
நடுவர் கையில் விசில் இல்லை,
வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை ஆட்டுவாராம்.
மழை பிடித்துக்கொண்டால்
தப்பாட்டம் யார் கண்ணிலும் படாமலே போகும்.

லங்காஷயரில் ஒரு மேட்டுக் கல்லறைத் தோட்டம்.
வாரத்தில் மூன்று நாள் அங்கே பாசி சுரண்டுகிறேன்.
தூரிகை, வாளி, முழங்காலுக்கு ரப்பர் மெத்தை.
இந்த வேலைக்குக் கடவுள் நம்பிக்கை கேட்கவில்லை.

நான்கு வருடம் முன், மார்ச்சில்,
திரு. பில்லிங் வந்தார், அக்குளில் பித்தளைத் தகடு.
"ஜெத்ரோ என்ட்விசில்.
ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம்.
கோல் இல்லை. ஒரு பல் போயிற்று."

எந்த என்ட்விசில் என்றேன்.
இந்த ஊரில் கல்லெறிந்தால்
ஓர் என்ட்விசில் மேல்தான் விழும்,
எறிந்ததும் அநேகமாக என்ட்விசில்.
நானும்தான், கல்யாணத்தில் வந்தது;
விவாகரத்துக்குப் பிறகு
படிவம் நிரப்பச் சோம்பலாகிவிட்டது.

காட்டிக்கொண்டே நடந்தேன்.
ஏப்ரகாம், கோயில் மணி அடித்தவர்:
கயிறு அவரை மேலே கொண்டுபோய்
அங்கிருந்து விட்டுவிட்டது.
டாபித்தா, பிள்ளைப்பேறு பார்த்தவள்,
அவள் கையில் விழுந்த பாதிப் பேர்
அவளைச் சுற்றியே படுத்திருக்கிறார்கள்.
செத், கோழி திருடி உள்ளே போனவன்.
அவன் கல்தான் எல்லாவற்றிலும் உயரம்.
பதினோரு நாள் இருந்த ஒன்று,
முதற்பெயர் வைக்கவில்லை,
குடும்பப் பெயர் மட்டும்,
அப்பாவின் சட்டையைப் போட்டுவிட்டதுபோல.

பதிவேட்டில் ஜெத்ரோவுக்கு ஒரு வரி உண்டு.
இடத்தின் எண் இருந்த மூலையை எலி தின்றுவிட்டது.

வடக்குச் சுவரோரம் அவரே நின்றார்.
ஜே. என்ட்விசில்.
வருடம் ஏறக்குறைய சரி. மீதி பாசி.
தொப்பியைக் கழற்றினார்.
அழுதார் என்று சொல்ல மாட்டேன்,
மூக்கைச் சிந்தினார், வெள்ளைக் கைக்குட்டையில்.

அந்தக் கல்லை முந்தின வருடமே சுரண்டியிருந்தேன்.
பாசி திரும்பி வந்திருந்தது.
அடியில் இருப்பது ஜேன்.
துணி வெளுத்தவள் என்று இருக்கும்,
யார் துணி, எந்தச் சேறு என்றெல்லாம் இருக்காது.

சொல்லியிருக்கலாம்.
தூரிகை என் கையில்தான் இருந்தது.
வாளியில் முக்கினேன்,
வாளியிலேயே விட்டுவிட்டேன்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை
பள்ளிப் பிள்ளைகள் வந்து
ஜேனுக்கு ஒரு பந்து வைக்கிறார்கள்.
ஈரத்தில் காற்றிறங்கிக் கன்னம் ஒட்டியதும்
எடுத்துக் கொட்டகையில் போடுகிறேன். நான்கு சேர்ந்திருக்கின்றன.

ஜெத்ரோ எங்கே என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.
புல்வெட்டும் இயந்திரம் நிறுத்துகிற இடத்தில்
எழுத்தில்லாத ஒரு கல், எண்ணெய் சொட்டிக் கறுத்தது.
காலையில் வண்டியை வெளியே இழுக்கும்போது
கொஞ்சம் காலை மடக்கு என்பேன்.
யாராவது பக்கத்தில் இருந்தால்
இயந்திரத்திடம் சொன்னதுபோல
அதை ஒரு தட்டுத் தட்டுவேன்.