பத்து கெஜம்

வாரத்தில் ஐந்து நாள் லாரி நிறுக்கிறேன்,
ஆஷ்பி கிராசிங் தானியக் கிடங்கில்.
சோளத்தோடு ஏறும், வெறுமையாய் இறங்கும்,
நடுவில் உள்ள வித்தியாசத்துக்குக் கீழே
என் கையெழுத்து.

சனிக்கிழமைகளில் கல்லூரி மைதானத்தின் கோட்டோரம்
ஆரஞ்சுக் கோலைப் பிடித்து நிற்கிறேன்.
மறுகோல் தபால்காரர் வெர்லின் ஹூபாச்செக்கிடம்.
எங்களுக்கு நடுவே பத்து கெஜச் சங்கிலி.
கூலி: ஒரு ஹாட் டாக், ஒரு காபி.

ஆகஸ்டில் நாற்பத்தொரு பையன்கள்.
முதல் ஆட்டம் ஐம்பத்தாறுக்கு மூன்று.
அந்த மூன்றையும் காற்றுதான் உதைத்தது என்றார் வெர்லின்.
அடுத்த வாரம் காற்றும் இல்லை.
செப்டம்பர் முடிவதற்குள்
ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்குக் கணக்குப் பாடம்,
ஒருவன் காரணமே சொல்லாமல்
தலைக்கவசத்தை அலமாரியில் வைத்துவிட்டு
ஒமாஹா பஸ் ஏறினான்.
மிச்சம் இருபத்தொன்பது.
தாக்கியவனே திரும்பி நின்று தடுக்கவும் வேண்டும்.
மூச்சு வாங்குவதற்குத் தனியாக ஆள் இல்லை.

ஸ்கோர் பலகையில் எங்கள் பக்கத்து எட்டு எரியாது.
யாரும் புகார் சொல்லவில்லை,
அதுவரை போனதே இல்லை.

கீனன் திபோடோ லூசியானாக்காரன், பந்தோடு ஓடுபவன்.
அக்டோபரில் முதல் பனி விழுந்தபோது
ஆட்டத்தின் நடுவே கையுறையைக் கழற்றித்
தரையைத் தொட்டுப் பார்த்தான்.
பயிற்சியாளர் கத்தினார்.
அவன் இன்னொரு முறை தொட்டான்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை
நான் அளந்தே பார்த்திருக்கிறேன்:
மூன்று கெஜம் முன்னே, ஐந்து பின்னே,
மஞ்சள் கொடி விழுந்தால் இன்னும் பத்து.
ஒவ்வொரு முறையும் கோலைப் பிடுங்கி
நானும் அவர்களோடு பின்னால் நடப்பேன்.
எட்டு ஆட்டம். எட்டும் போயிற்று.

ஒன்பதாவது, நவம்பர்.
பெஞ்சில் அறுபது பேர், போர்வைகளை எண்ணினால் இன்னும் குறைவு.
ஏழுக்குப் பத்து. இரண்டு நிமிடம்.
நான்காவது டவுன்.
குனிந்திருந்த கோல்பி ராட்கே
பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்தான்.
கீனன் அவன் முதுகின் மேலேயே ஏறி விழுந்தான்.
குவியலைப் பிரித்தெடுத்தார்கள்.
ஒற்றைக் கண்ணால் பார்த்தால் வந்துவிட்டது,
இன்னொரு கண்ணால் பார்த்தால் இல்லை.

நடுவர் கையசைத்தார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.
அறுபது பேரும் எழுந்து நின்றார்கள்.
நடுவர் கோலை வாங்கி இழுத்தார்.
இழுபட்டது, ஆனால் முழுதாக அல்ல.
நடுவே ஒரு கண்ணி இன்னொன்றின் மேல் ஏறி
மண் உறைந்து முடிச்சாகியிருந்தது.
இரண்டு விரற்கடை இருக்கும்.
நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெர்லின் என்னைப் பார்த்தார்.
கீனன் முழங்காலிட்டு, பந்தின் மூக்கருகே
மூக்கை வைத்திருந்தான்.
அப்படியே விட்டால் எங்களுக்கு வந்துவிடும்.

குனிந்தேன். கட்டைவிரலால் அழுத்தினேன்.
டிக் என்றது.
கோல் நகர்ந்தது.

பந்துக்கும் கோலுக்கும் நடுவே தெரிந்த புல்
பழுப்பாக இருந்தது.
அவ்வளவுதான் அந்தப் பருவம்.

கோலை அறையில் சாத்தும்போது கீனன் வந்தான்.
எவ்வளவு என்று கேட்டான்.
விரல்களைக் காட்டினேன்.
தன் விரல்களை என் விரல்களோடு ஒட்டிப் பார்த்தான்,
அவனுடையவை தடிமன்.
"என் கையால் என்றால் ஒன்றரை" என்று சொல்லிவிட்டு
பூட்ஸ் மண்ணைத் தட்டப் போனான்.

திங்களன்று கோல்பியின் அப்பா லெஸ் ராட்கே
கடைசிச் சோளத்தோடு மேடை ஏறினார்.
சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை.
"நீ குனிந்ததைப் பார்த்தேன்" என்றார்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
"இன்னொரு முறை நிறு."
இறங்கி, சுற்றி வந்து, மறுபடி ஏறினார்.
முள் ஆடி நின்றது.
அதே எண்ணைத்தான் எழுதினேன்.
சீட்டை மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு
ஆகஸ்டில் எத்தனை பேர் சேர்கிறார்களாம் என்று கேட்டார்.